பேக்கேஜ் ஏசி: புளோயர், ஹீட்டர் செட்டிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாண மண்டபம், ஜவுளிக்கடை, வங்கிக் கிளை, ஆபரேஷன் தியேட்டர், சர்வர் ரூம் போன்ற இடங்களில் டக்ட் (காற்றுக் குழாய்) வைத்து ஓடும் பேக்கேஜ் யூனிட்டுகளைப் பற்றியது இது. கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் மேனேஜர்கள், எலக்ட்ரீஷியன்கள், சர்வீஸுக்குப் புதிதாக வந்திருக்கும் பையன்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை எடுத்துக்கொண்டேன். என் கட்சி ஒன்றுதான்: காற்றின் அளவு சரியாகும்வரை தெர்மோஸ்டாட்டையோ கேஸையோ ஹீட்டரையோ தொட்டுப் பயனில்லை. அதனால் புளோயருக்கே, அதாவது காற்றைத் தள்ளும் விசிறிக்கே, பாதி இடம் போயிருக்கிறது.

பேனலைத் திறக்கும் எந்த வேலைக்கும் முன்னால் ஐசொலேட்டரை (யூனிட்டின் மெயின் சுவிட்ச்) அணைத்துப் பூட்டி, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள். தெர்மோஸ்டாட்டை ஆஃப் செய்தால் மட்டும் போதாது. கான்டாக்டர் (மோட்டாருக்குக் கரண்ட் விடும் மின்காந்த சுவிட்ச்) வரைக்கும் 415 வோல்ட் அப்படியே நிற்கும்.

எங்களிடம் இருப்பது டக்டபிள் ஸ்பிளிட். அதுவும் பேக்கேஜ் ஏசிதானா?

கம்ப்ரசர், காயில், புளோயர் எல்லாம் ஒரே பெட்டியில் இருந்தால் அதுதான் முறைப்படி பேக்கேஜ் யூனிட். கண்டென்சர் (சூட்டை வெளியே தள்ளும் பகுதி) தனியாக மாடியில் இருந்தாலும் புளோயர் விஷயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. கீழே சொல்பவற்றில் பெரும்பாலானவை இரண்டுக்கும் பொருந்தும். பெரிய யூனிட்டுகளில் புளோயர் பெல்ட்டில் ஓடும், சிறியவற்றில் மோட்டார் ஷாஃப்ட்டிலேயே நேராக மாட்டியிருக்கும். நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

கூலிங் போதவில்லை. தெர்மோஸ்டாட்டை 18-க்கு இறக்கினால் சீக்கிரம் குளிருமா?

குளிராது. தெர்மோஸ்டாட் ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். 24 வைத்தாலும் 18 வைத்தாலும் கம்ப்ரசர் அதே வேகத்தில்தான் ஓடும் (இன்வெர்ட்டர் வகைகள் வேறு). 18-ல் வைத்தால் நிற்கவே நிற்காது. காற்றும் குறைவாக இருந்தால் காயிலில் ஐஸ் கட்டி, இருந்த கூலிங்கும் போய்விடும். வீட்டு ஏசிகள் ஆன் செய்ததும் 24-ல் தொடங்க வேண்டும் என்று 2020 ஜனவரியில் வந்த விதி பேக்கேஜ் யூனிட்டுக்கானது அல்ல. ஆனாலும் 24 நல்ல தொடக்கம்தான்.

எவ்வளவு காற்று வர வேண்டும்?

ஒரு டன்னுக்கு 400 சிஎஃப்எம், அதாவது நிமிடத்துக்கு 400 கன அடி என்பது பொதுக் கணக்கு. 8.5 டன் யூனிட் என்றால் 3400. கடலோர ஊர்களில், ஈரம் நன்றாக இறங்க வேண்டும் என்றால் 350 வரை குறைத்து ஓட்டலாம். அதற்கும் கீழே போனால் காயில் உறையத் தொடங்கும். 450-க்கு மேல் போனால் அறை குளிரும், ஆனால் பிசுபிசுப்பு போகாது.

அளக்க, ரிட்டர்ன் (அறையிலிருந்து காற்று திரும்பி வரும் பக்கம்) ஃபில்டர் முன்னால் அனிமோமீட்டரை (காற்றின் வேகம் காட்டும் கருவி) பிடித்து, மூலைகளையும் விடாமல் பல இடங்களில் வேகம் எடுத்துச் சராசரி பாருங்கள். ஃபில்டரின் பரப்பு 8 சதுர அடி, சராசரி வேகம் நிமிடத்துக்கு 350 அடி என்றால் 2800 சிஎஃப்எம். 8.5 டன்னுக்கு இது டன்னுக்கு 330 கூட இல்லை.

அனிமோமீட்டர் இல்லையென்றால் இரண்டு தெர்மாமீட்டர் போதும். ரிட்டர்னில் ஒன்று, யூனிட்டை விட்டு வெளியேறும் சப்ளை டக்ட்டில் ஒன்று. கம்ப்ரசர் முழு லோடில் கால் மணி நேரம் ஓடிய பிறகு வித்தியாசம் 8 முதல் 11 டிகிரி செல்சியஸ் இருந்தால் சரி. 13, 14 என்று வந்தால் காற்று குறைவு. 5, 6 என்று வந்தால் காற்று அதிகம், அல்லது கேஸ் குறைவு, அல்லது கண்டென்சர் அழுக்கு. ஒரு எச்சரிக்கை: மண்டபத்தின் கதவையெல்லாம் திறந்து வைத்திருந்து அப்போதுதான் ஏசி போட்டிருந்தால், யூனிட்டின் சக்தியில் பெரும் பங்கு ஈரத்தை இறக்குவதிலேயே போகும், வித்தியாசம் குறைவாகத்தான் தெரியும். அந்த நேரத்து அளவை நம்பி கேஸ் ஏற்றிவிடாதீர்கள்.

காற்று குறைவுதான் என்று தெரிந்துவிட்டது. புல்லியைத் திருப்பிவிடலாமா?

பொறுங்கள். போன வருஷம் சரியாக வந்த காற்று இந்த வருஷம் குறைந்தது என்றால் குற்றம் புல்லியில் இல்லை. ஏதோ ஒன்று அடைத்திருக்கிறது, அல்லது வழுக்குகிறது, அல்லது ஒழுகுகிறது.

ஃபில்டரை முதலில் கழற்றுங்கள். மண்டபங்களில் ஹோமப் புகையும் சமையல்கட்டு எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து ஃபில்டர் வலையில் ஒரு பழுப்புத் தோல் போலப் படிந்துவிடும். வெறும் தண்ணீரில் அலசினால் அது போகாது, சோப்புத் தண்ணீரில் ஊற வைக்க வேண்டும். ஃபில்டரை ஒதுக்கிவிட்டு டார்ச் அடித்துக் காயிலைப் பாருங்கள். முன்பக்கம் பளிச்சென்று இருக்கும், இரண்டாவது மூன்றாவது வரிசையில் அழுக்கு அடைத்திருக்கும். மறுபக்கத்தில் விளக்கைப் பிடித்து வெளிச்சம் ஊடுருவுகிறதா என்று பார்ப்பது நல்லது.

அடுத்து பெல்ட். அதன் அடியில் தரையில் கறுப்புத் தூள் கொட்டிக் கிடந்தால் பெல்ட் வழுக்கித் தேய்கிறது என்று பொருள். புல்லியின் பள்ளத்தைத் தடவிப் பாருங்கள் (மெயின் ஆஃப் செய்துவிட்டு). பள்ளத்தின் அடிப்பக்கம் கண்ணாடி போல மினுங்கினால் பெல்ட் ஓரங்களில் பிடிக்காமல் அடியில் உட்கார்ந்து ஓடுகிறது. அங்கே பெல்ட் மட்டும் மாற்றினால் போதாது, புல்லியும் மாற்ற வேண்டும்.

யூனிட்டுக்கும் டக்ட்டுக்கும் நடுவில் இருக்கும் கான்வாஸ் கிழிந்திருக்கிறதா, டேம்பரை (டக்ட்டுக்குள் காற்றைத் தடுக்கும் தகடு) யாராவது மூடி வைத்திருக்கிறார்களா, ஃபால்ஸ் சீலிங்குக்குள் டக்ட் பிரிந்து கூரைக்கடியில் குளிரடிக்கிறதா என்றும் பாருங்கள். கடையின் அலங்கார வேலையில் ரிட்டர்ன் கிரில்லையே பிளைவுட் வைத்து மறைத்த இடங்களும் உண்டு.

கடைசியாக, சுழலும் திசை. புளோயர் தலைகீழாகச் சுற்றினாலும் காற்று வரும். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. ஆனால் அளவு மிகவும் குறைந்திருக்கும். மோட்டார் மாற்றிய பிறகோ, ஈபி கேபிள் வேலை நடந்த பிறகோ காற்று குறைந்தால், உறையில் போட்டிருக்கும் அம்புக்குறியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புளோயர் மட்டும் தலைகீழ் என்றால் அதன் கான்டாக்டரில் இரண்டு பேஸை மாற்றுங்கள். ஸ்க்ரோல் கம்ப்ரசரும் சேர்ந்து கரகரவென்று கத்திக்கொண்டு கூலிங் இல்லாமல் ஓடினால், மாறியது வரும் லைன். மாற்ற வேண்டியதும் மெயினில்தான்.

சரி, எல்லாம் பார்த்தாயிற்று. புல்லியை எப்படி அட்ஜஸ்ட் செய்வது?

முதலில் கணக்கு. மோட்டார் 1440 ஆர்பிஎம், மோட்டார் புல்லி 5 இன்ச், புளோயர் புல்லி 8 இன்ச் என்றால் புளோயரின் வேகம் 1440 × 5 ÷ 8 = 900. மோட்டார் புல்லியை 5.5 இன்ச் ஆக்கினால் 990, அதாவது 10 சதவீதம் கூடுதல். காற்றும் அதே 10 சதவீதம்தான் கூடும்.

உங்கள் மோட்டார் புல்லி இரண்டு பாதியாகத் திருகும் வகையாக இருந்தால், பெல்ட்டைத் தளர்த்தி எடுத்துவிட்டு, வெளிப்பாதியில் இருக்கும் ஆலன் ஸ்குரூவைத் தளர்த்துங்கள். வெளிப்பாதியை உள்ளே திருகினால் பள்ளம் குறுகும், பெல்ட் மேலேறி உட்காரும், புளோயர் வேகம் கூடும். வெளியே திருகினால் குறையும். அரைச் சுற்று, அதிகம் போனால் ஒரு சுற்று. அதற்கு மேல் ஒரே நேரத்தில் வேண்டாம். திருகும் மரை வழியில் தட்டையாகச் சீவிய இடம் இருக்கும், ஆலன் ஸ்குரூ அதன் மேல்தான் உட்கார வேண்டும். மரையின் மேல் வைத்து இறுக்கினால் மரை நசுங்கி, அடுத்த முறை புல்லி திரும்பவே திரும்பாது.

நம் ஊர் யூனிட்டுகளில் பலவற்றில் இருப்பது திருகும் புல்லி அல்ல, ஒரே வார்ப்பு. அங்கே புல்லியையே மாற்ற வேண்டும். கடையில் கேட்கும்போது விட்டத்தோடு பெல்ட்டின் செக்‌ஷன், ஷாஃப்ட் துளை, கீ அளவு மூன்றையும் சொல்லுங்கள்.

புல்லியைத் தொட்டால் பெல்ட் டென்ஷனும் மாறும். ஷாஃப்ட்டுக்கு ஷாஃப்ட் இடைவெளி ஒரு மீட்டர் என்றால் நடுவில் அமுக்கும்போது 16 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். 40 சென்டிமீட்டர் இடைவெளிக்கு 6 மில்லிமீட்டர். வீணைத் தந்தி போல முறுக்கி வைப்பவர்கள் பேரிங்குக்குத்தான் வேலை வைக்கிறார்கள். இரண்டு புல்லியின் முகத்துக்கும் குறுக்கே ஒரு நூலை இழுத்துப் பிடித்து நேர்கோட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். புது பெல்ட் ஓரிரு நாள் ஓடியதும் இளகும், மறுபடி ஒரு முறை இறுக்கிவிட வேண்டும். இரட்டை பெல்ட் யூனிட்டில் ஒன்று மட்டும் அறுந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

வேகத்தைக் கூட்டிய மறுநாளே மோட்டார் ட்ரிப் ஆகிறது. ஏன்?

காற்று வேகத்தோடு நேராகக் கூடும். அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் கூடும். மோட்டார் இழுக்கும் பவர் வேகத்தின் கனத்தில் (மூன்று முறை பெருக்கியதில்) கூடும். மேலே சொன்ன 10 சதவீதத்துக்கு 1.1 × 1.1 × 1.1, ஏறக்குறைய 33 சதவீதம் கூடுதல் பவர். 1.6 கிலோவாட் இழுத்துக்கொண்டிருந்த 3 எச்பி மோட்டார் 2.13-க்குப் போய்விடும். அதன் பெயர்ப்பலகையில் இருப்பதே 2.2 தான். வோல்டேஜ் கொஞ்சம் இறங்கும் மே மாத மதியத்தில் அது தாங்காது.

ஆகவே புல்லியைத் தொட்டால் கிளாம்ப் மீட்டர் கையில் இருக்க வேண்டும். மூன்று பேஸிலும் ஆம்ஸ் எடுங்கள், பெயர்ப்பலகையில் உள்ள எண்ணைத் தாண்டவே கூடாது. தாண்டினால் புல்லியைப் பின்னால் திருப்புங்கள். ஓவர்லோடு ரிலேயின் திருகைக் கூட்டி வைத்து "ட்ரிப் நின்றுவிட்டது" என்பது தீர்வு அல்ல. அது மோட்டார் காயிலை எரிக்கும் வழி.

ஆம்ஸ் எடுக்கும்போது எல்லாப் பேனலும் மூடியிருக்கட்டும். ஃபில்டர் அடைத்தால் மோட்டாருக்கு லோடு கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த யூனிட்டுகளில் இருக்கும் முன்வளைவு இறக்கை புளோயரில் அது தலைகீழ். அடைப்பு இருந்தால் நகரும் காற்று குறையும், ஆம்ஸும் குறையும். பேனலைத் திறந்தால் தடையில்லாமல் காற்று பாயும், ஆம்ஸ் ஏறும். பேனலைத் திறந்து வைத்து ஆம்ஸ் பார்த்துவிட்டு மோட்டார் சின்னது என்று முடிவு கட்டுவதும், அழுக்கு ஃபில்டரோடு பார்த்துவிட்டு லோடு கம்மிதான் என்று வேகத்தைக் கூட்டுவதும் சகஜமாக நடக்கின்றன. இரண்டாவதுதான் ஆபத்து: ஃபில்டரைக் கழுவி மாட்டியதும் மோட்டார் விழும்.

வேகத்தைக் குறைக்க வேண்டிய சந்தர்ப்பமும் உண்டா?

உண்டு. காயில் வழியாகக் காற்று நிமிடத்துக்கு 500 அடி வேகத்தைத் தாண்டினால் காயிலில் வழியும் தண்ணீரைக் காற்றே தூக்கிக்கொண்டு போய் டக்ட்டுக்குள் தெளிக்கும். டிரெயின் டிரே காய்ந்திருக்க டக்ட்டிலிருந்து தண்ணீர் சொட்டினால் இதைச் சந்தேகப்படுங்கள். கிரில்லில் இரைச்சல், அறை 23 டிகிரி காட்டியும் கசகசப்பு, இவையும் அறிகுறிகள். ஆனால் கிரில்லின் முகத்திலேயே வியர்த்துச் சொட்டினால் காற்று குறைவாக, மிகக் குளிராக வருகிறது என்று பொருள். அங்கே குறைத்தால் இன்னும் மோசமாகும்.

பெல்ட் இல்லாத யூனிட்டில்? விஎஃப்டி (ஹெர்ட்ஸை மாற்றி மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்) வைத்திருந்தால்?

நேரடி மோட்டாரில் ஹை, மீடியம், லோ என்று வேகத்துக்கு ஒன்றாக டேப் (tap) ஒயர்கள் இருக்கும். எந்த நிறம் எந்த வேகம் என்பதை மூடியின் உள்ளே ஒட்டியிருக்கும் படத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு டேப் மட்டும். பயன்படுத்தாத ஒயர்களைத் தனித்தனியாக இன்சுலேஷன் டேப் சுற்றி மூடுங்கள், சேர்த்து முறுக்கினால் மோட்டார் போச்சு. புது மாடல்களில் டக்ட்டின் தடைக்கு ஏற்ற அழுத்தத்தை ரிமோட்டிலேயே தேர்வு செய்யலாம்.

விஎஃப்டி இருந்தால் வேலை சுலபம். 50 ஹெர்ட்ஸிலிருந்து 40-க்கு இறக்கினால் காற்று 80 சதவீதம், பவர் பாதி. ஆனால் குறைந்தபட்ச ஹெர்ட்ஸைப் பூட்டி வையுங்கள். இல்லாவிட்டால் கூட்டம் இல்லாத நாளில் யாரோ 20-க்கு இறக்கிக் காயிலை உறைய வைப்பார்கள்.

ஃபேன் "ஆட்டோ"வில் இருக்கட்டுமா, "ஆன்"னில் இருக்கட்டுமா?

சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் மாதிரி ஊர்களில் ஈரம்தான் பிரச்சினை என்றால் ஆட்டோ. கம்ப்ரசர் நின்ற பிறகும் புளோயர் ஓடினால் காயிலில் ஒட்டியிருக்கும் தண்ணீர் மறுபடி ஆவியாகி அறைக்கே திரும்பும். வெளிக்காற்று தொடர்ந்து வர வேண்டிய இடங்களில், அதாவது ஆபரேஷன் தியேட்டரிலும் கூட்டம் நிறைந்த அரங்கிலும், ஆன்.

நம் வெயிலில் பேக்கேஜ் ஏசிக்குள் ஹீட்டர் எதற்கு?

ஈரத்துக்கு. ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும்போது வெளியே வெப்பம் அதிகமில்லை, அறை சீக்கிரம் 22-க்கு வந்துவிடும், கம்ப்ரசர் நின்றுவிடும். ஆனால் ஈரப்பதம் 70-ஐத் தாண்டி நிற்கும். ஈரத்தை இறக்கக் கம்ப்ரசர் ஓடியாக வேண்டும், ஓடினால் அறை உறைந்துவிடும். அதனால் காயிலில் குளிரவைத்து ஈரத்தைப் பிழிந்த காற்றை ஹீட்டரில் லேசாகச் சூடேற்றி அனுப்புகிறோம். மருந்துக் கம்பெனி, ஆபரேஷன் தியேட்டர், பழைய ஆவணங்கள் வைத்திருக்கும் அறை போன்ற இடங்களுக்கு இது தேவை. மண்டபத்துக்கும் கடைக்கும் வேண்டாம், கரண்ட் பில் தாங்காது.

செட்டிங்: கூலிங் தெர்மோஸ்டாட் 23, ஹீட்டிங் தெர்மோஸ்டாட் 21, ஹியூமிடிஸ்டாட் (ஈரப்பதத்தைப் பார்த்து இயங்கும் சுவிட்ச்) 55 சதவீதம் என்று தொடங்குங்கள். ஈரம் 55-ஐத் தாண்டினால், அறை 23-க்குக் கீழே இறங்கினாலும் கம்ப்ரசர் ஓடும். 21-ஐத் தொட்டதும் ஹீட்டர் வரும். இரண்டு தெர்மோஸ்டாட்டுக்கும் நடுவே ஒன்றரை, இரண்டு டிகிரி இடைவெளி கட்டாயம். இரண்டையும் 22-ல் வைத்தால் ஒன்று குளிர்விக்க மற்றொன்று சூடாக்க, நாள் முழுக்க மல்லுக்கட்டும். அறையில் எந்த வித்தியாசமும் தெரியாது, மீட்டரில் மட்டும் தெரியும்.

ஹீட்டர் எத்தனை டிகிரி ஏற்ற வேண்டும்?

1000 சிஎஃப்எம் காற்றுக்கு ஒரு கிலோவாட் ஏறக்குறைய 1.8 டிகிரி ஏற்றும். 3400 சிஎஃப்எம்முக்கு 9 கிலோவாட் ஹீட்டர் முழுக்க ஓடினால் 4.7 டிகிரி. ஹீட்டருக்கு முன்னும் பின்னும் அளந்து இந்த எண்ணோடு ஒப்பிடுங்கள். 9 டிகிரி ஏறுகிறது என்றால் ஹீட்டர் பிரமாதமாக வேலை செய்கிறது என்று மகிழ வேண்டாம், காற்று பாதியாகிவிட்டது. 3 டிகிரிதான் என்றால் ஒரு எலிமென்ட் போயிருக்கிறது. மூன்று பேஸிலும் ஆம்ஸ் பார்த்தால் தெரிந்துவிடும், 9 கிலோவாட்டுக்குப் பேஸுக்கு 12.5 ஆம்ஸ் வர வேண்டும். மூன்று ஸ்டேஜாகப் பிரித்திருந்தால் முதல் ஸ்டேஜ் மட்டும் அடிக்கடி வருவதுபோல வையுங்கள்.

புளோயர் வேகத்தைக் குறைத்தவர்கள் இந்த ஏற்றத்தை மறுபடி அளந்தே ஆக வேண்டும். விஎஃப்டி இருந்தால் மிகக் குறைந்த ஹெர்ட்ஸில் அளக்க வேண்டும்.

ஹீட்டர் கட்-அவுட் அடிக்கடி விழுகிறது. சிவப்புப் பட்டனை அமுக்கினால் மறுபடி ஓடுகிறது. விட்டுவிடலாமா?

கூடாது. ஹீட்டருக்கு மூன்று காவல் உண்டு. புளோயர் ஓடாமல் ஹீட்டர் வரக்கூடாது என்ற இன்டர்லாக், காற்று உண்மையிலேயே நகர்கிறதா என்று பார்க்கும் ஏர்ஃப்ளோ சுவிட்ச், சூடு மீறினால் வெட்டும் கட்-அவுட். பெல்ட் அறுந்தால் மோட்டார் ஓடும், கான்டாக்டரும் பிடித்திருக்கும், காற்று மட்டும் இருக்காது. இன்டர்லாக் ஏமாந்துவிடும். அந்த இடத்தில் காப்பாற்றுவது மற்ற இரண்டும்தான். கையால் அமுக்கும் கட்-அவுட் விழுந்தது என்றால் முந்தைய காவல் ஏதோ ஒன்று தவறியிருக்கிறது. காரணம் தெரியாமல் ரீசெட் வேண்டாம். ஒயர் போட்டு பைபாஸ் செய்திருந்தால் அன்றைக்கே எடுக்கச் சொல்லுங்கள். டக்ட் இன்சுலேஷனில் தீப்பிடிக்கும் வழி அது.

நம் ஊருக்கே உரிய ஒரு காரணமும் உண்டு. ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், ஜெனரேட்டர் எடுப்பதற்குள் காற்று நின்று, எலிமென்ட்டில் மிச்சமிருக்கும் சூடு கட்-அவுட்டைத் தட்டிவிடும். மழைநாளில், கரண்ட் போய் வந்த நேரத்தில் மட்டும் விழுகிறது என்றால் இதுதான். சாதாரணமாக நிறுத்தும்போது, ஹீட்டர் அணைந்த பின் புளோயர் 2, 3 நிமிடம் ஓடும்படி டைமர் இருக்க வேண்டும். எம்சிபியை நேரடியாக இறக்கி யூனிட்டை நிறுத்தும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

பல மாதம் கழித்து ஹீட்டர் போட்டதும் கருகல் நாற்றம்?

எலிமென்ட்டில் படிந்த தூசு. கால் மணி நேரத்தில் போய்விட வேண்டும். போகாவிட்டால் அணையுங்கள். சும்மா கிடந்த எலிமென்ட் உள்ளே ஈரம் இழுத்திருக்கும், போட்டதும் ஈஎல்சிபி (கரண்ட் கசிந்தால் வெட்டும் பிரேக்கர்) விழுந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். போடும் முன் 500 வோல்ட் மெகரில் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) பார்ப்பது முறை. ஒரு மெகா ஓமுக்குக் கீழே என்றால் உலர்த்தாமல் போடாதீர்கள்.

ஊட்டியில் ஹோட்டல் ஹால். ஹீட் மோடில் சூடான காற்றுதான் வருகிறது, ஆனால் உட்கார்ந்திருப்பவர்கள் குளிர்கிறது என்கிறார்கள்.

இது ஹீட் பம்ப் வகை, அதாவது கூலிங் சுற்றையே தலைகீழாக ஓட்டிச் சூடாக்கும் யூனிட் என்று வைத்துக்கொள்கிறேன். வருகிற காற்று 30 டிகிரி என்றால் அது உடல் சூட்டைவிடக் குறைவு. வேகமாக மேலே பட்டால் குளிரத்தான் செய்யும். ஹீட்டிங்கில் புளோயரை ஒரு படி குறைத்தால் வரும் காற்றின் சூடு கூடும். யூனிட்டின் கையேடு அனுமதிக்கும் குறைந்தபட்சக் காற்றுக்குக் கீழே மட்டும் போகாதீர்கள், ஹை பிரஷரில் விழும். சூடான காற்று சீலிங்கை விட்டு இறங்காது, கிரில் இதழ்களைக் கீழ்நோக்கித் திருப்புங்கள். தை மாத உறைபனி நாளில் வெளிக் காயிலில் பனி படியும். அதைக் கரைக்க யூனிட் கொஞ்ச நேரம் கூலிங்குக்கு மாறும். அந்த நிமிடங்களில் குளிர்ந்த காற்று வராமலிருக்க டிஃப்ராஸ்ட்டின்போது ஸ்ட்ரிப் ஹீட்டர் வரும்படி ஒயரிங் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

சர்வீஸ் ஆள் வந்து போனால் என்ன எழுதி வாங்க வேண்டும்?

புளோயர் ஆர்பிஎம், மூன்று பேஸ் ஆம்ஸ், ரிட்டர்ன் மற்றும் சப்ளை வெப்பநிலை, ஹீட்டர் ஆம்ஸ், பெல்ட் எண். புல்லியைத் தொட்டிருந்தால் எத்தனை சுற்று, எந்தப் பக்கம். காகிதம் தொலைந்துபோகும். பெயின்ட் மார்க்கரால் யூனிட் பேனலின் உட்பக்கத்திலேயே தேதியோடு எழுதச் சொல்லுங்கள்.